ஆக்டிவேஷன் வேறு, உரிமம் வேறு: எல்லையோரக் கணினிப் பயிற்சி மையம் ஒன்றில் 21 கணினிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை உள்ள பகுதி கேரளத்தைச் சேர்ந்ததாயினும், வீட்டிலும் கடையிலும் தமிழே பேசப்படுகிற, தமிழ்வழிப் பள்ளிகளும் உள்ள பகுதியாகும். இங்கே உள்ளவர்கள் கணினி வாங்கவும் பழுது பார்க்கவும் பெரும்பாலும் கோயம்புத்தூருக்கே போய் வருகிறார்கள். இந்தப் பகுதியில் டிசிஏ என்னும் கணினிப் பயன்பாட்டுப் பட்டயப் படிப்பு, டேலி என்னும் கணக்கு மென்பொருள், தட்டச்சு ஆகியவற்றைக் கற்பிக்கும் ஒரு தனியார் கணினிப் பயிற்சி மையத்தில் 2025ஆம் ஆண்டின் இறுதியில் நேர்ந்ததே இந்த ஆய்வின் பொருள். மையத்தின் பெயரும் கணினிகளை விற்றவரின் பெயரும் இங்கே தரப்படவில்லை. அங்கே நேர்ந்தது இன்று பல ஊர்களில் நேர்ந்துகொண்டிருப்பதால், பெயரைவிட நடந்த முறையே முக்கியம் என்று கருதுகிறேன்.

மையத்தில் மொத்தம் 21 கணினிகள் இருந்தன. அவற்றில் 17 கணினிகள், ஒரு பெரிய நிறுவனம் தன் அலுவலகத்திலிருந்து கழித்தவை. கோயம்புத்தூர் வியாபாரி ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டாக ஒரே தவணையில் வாங்கப்பட்டவை. மூன்று கணினிகள் உள்ளூரில் அசெம்பிள் செய்யப்பட்டவை. எஞ்சிய ஒன்று உரிமையாளரின் அலுவலக மடிக்கணினி. அந்த 17 கணினிகளும் வாங்கி நான்கு மாதம்கூட நிறையாத நிலையில், ஒரே வாரத்துக்குள் ஒவ்வொன்றாக, விண்டோஸை ஆக்டிவேட் செய்யுமாறு (அதை நிறுவத் தரப்படும் எழுத்துத் தொடரான சாவி செல்லுபடியானதுதானா என்று சரிபார்த்து உறுதிசெய்யுமாறு) திரையின் வலது கீழ் மூலையில் எழுத்துகளைக் காட்டத் தொடங்கின.

"சனிக்கிழமை கிளாஸ் முடியற வரைக்கும் நல்லாத்தானுங்க சார் இருந்துச்சு, திங்கக்கிழமை வந்து பார்த்தா ஆறு சிஸ்டத்துல இந்த எழுத்து வந்துருச்சு" என்றார் ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர். வைரஸ் என்றே முதலில் எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். பக்கத்து ஊர் டெக்னீஷியன் ஒருவர் வந்து, பென் டிரைவில் வைத்திருந்த ஒரு 'ஆக்டிவேட்டர்' நிரலை மூன்று கணினிகளில் ஓட்டியதும் எழுத்துகள் மறைந்துவிட்டன. மற்ற கணினிகளுக்கும் அதையே செய்துவிடலாமா என்ற கேள்வி எழுந்தபோதுதான் என்னை அழைத்தார்கள்.

உரிமையாளர் கேட்டது மிக நியாயமான கேள்வி. "கடைக்காரர் என் கண்ணு முன்னாலதானுங்க செட்டிங்ஸைத் திறந்து காட்டினாரு. ஆக்டிவேட் ஆயிருக்குன்னு இருந்துச்சு. அதுக்கு மேல நாம என்னத்தைப் பார்க்கிறதுங்க?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த ஆய்வு முழுவதும். ஒரு கணினியில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருப்பது, அந்தக் கணினியில் அதைப் பயன்படுத்த உரிமம் இருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. அதுபோலவே, ஆக்டிவேஷன் இல்லாத கணினிக்கு உரிமம் இல்லை என்றும் முடிவு கட்டிவிட முடியாது. இந்த மையத்தில் இரண்டு நிலைமைகளும் ஒரே அறையில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்தன.

கணினிகள் காட்டிய சான்று

முதலில் செய்தது ஒவ்வொரு கணினியிலும் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர் (slmgr) என்ற கட்டளையை டிஎல்வி (/dlv) என்ற சேர்க்கையுடன் ஓட்டியது. இது விண்டோஸுடனேயே வருவது. ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதோடு நிற்காமல், எந்தப் பதிப்பு, எந்த வழியில் கிடைத்த சாவி, சாவியின் கடைசி ஐந்து எழுத்துகள் எவை, எந்த சர்வரிடம் ஆக்டிவேஷன் பெறப்பட்டது என்பவற்றையெல்லாம் ஒரு சிறு பெட்டியில் காட்டிவிடும். உரிமத்தை ஆராய விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். செட்டிங்ஸில் உள்ள ஒற்றை வரியன்று.

வாங்கப்பட்ட 17 கணினிகளிலும் இருந்தது பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பான விண்டோஸ் 10 என்டர்பிரைஸ். வழி என்ற இடத்தில் 'வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்' என்றிருந்தது. 14 கணினிகளில் சர்வரின் பெயராக, கணினிகளை முன்பு வைத்திருந்த நிறுவனத்தின் உள்வலையமைப்பைச் சேர்ந்த ஒரு பெயர் அப்படியே பதிந்திருந்தது. டெக்னீஷியன் கை வைத்த மூன்றில் அந்தப் பெயர் இல்லை; அதற்குப் பதிலாக, யாருடையது என்று தெரியாத ஓர் இணைய முகவரி இருந்தது. அந்த மூன்றிலும் வைரஸ் தடுப்பு நிரலான விண்டோஸ் டிஃபெண்டரைத் திறந்து பார்த்தபோது, ஒரு கோப்புறையைச் சோதிக்க வேண்டாம் என்ற விலக்கு புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்தது. மாணவர்கள் தினமும் பென் டிரைவ் செருகுகிற கணினிகளில், காவலுக்கு இருப்பதையே ஒரு மூலைக்குப் போகாதே என்று கட்டிவைத்த நிலை அது. உரிமப் பிரச்சினையைவிட அவசரமாகச் சரிசெய்ய வேண்டியது அதுவாகவே எனக்குப் பட்டது. அந்த மூன்றையும் அன்றே வலையமைப்பிலிருந்து பிரித்தோம்.

ஒரே வாரத்துக்குள் எல்லாம் ஏன் நின்றன என்பதற்கான விடையும் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான கணினிகளுக்குத் தனித்தனிச் சாவி போடுவதில்லை. தங்கள் அலுவலகத்துக்குள்ளேயே கேஎம்எஸ் எனப்படும் ஆக்டிவேஷன் சர்வர் ஒன்றை வைத்துக்கொள்கின்றன. குறைந்தது 25 விண்டோஸ் கணினிகள் அதைத் தொடர்பு கொண்ட பிறகே அது ஆக்டிவேஷன் தரத் தொடங்கும். அப்படித் தரும் ஆக்டிவேஷன் நிரந்தரமானதன்று. 180 நாள்களுக்கு மட்டுமே செல்லும். கணினி அலுவலக வலையமைப்பில் இருக்கும்வரை ஏழு நாளுக்கு ஒருமுறை சர்வரிடம் சென்று அந்த 180 நாளைப் புதுப்பித்துக்கொள்ளும். வலையமைப்பைவிட்டு வெளியேறிவிட்டால் புதுப்பித்தல் நின்று, கடைசியாகத் தொடர்பு கொண்ட நாளிலிருந்து 180 நாள் கழிந்ததும் ஆக்டிவேஷன் காலாவதியாகிவிடும்.

நிறுவனம் இந்தக் கணினிகளை ஒரே நாளில் கழித்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் வெவ்வேறு நாளில் புதுப்பித்திருக்கும். ஆகவேதான் அவை நின்ற நாள்களும் ஒரு வாரத்துக்குள் பரவியிருந்தன. வியாபாரியின் கிடங்கில் ஏறத்தாழ இரண்டு மாதம், மையத்தில் நான்கு மாதம். கணக்கு சரியாக வந்தது. வியாபாரி காட்டிய திரை பொய்யன்று. அன்றைக்கு அந்தக் கணினிகள் ஆக்டிவேட் ஆகித்தான் இருந்தன. ஆனால் அந்த என்டர்பிரைஸ் பதிப்புக்கான உரிமம் முன்னாள் நிறுவனத்துடையது. வால்யூம் உரிமம் கணினியோடு சேர்ந்து கைமாறுவதில்லை. கணினியைக் கழிக்கும்போது நிறுவனம் அந்தப் பதிப்பை அழித்துவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். அதைச் செய்யாமல், உள்ளிருந்ததை அப்படியே விட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

கணினியோடு வருவதும் வராததும்

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் "அப்படியானால் 17 கணினிகளுக்கும் புதிதாக விண்டோஸ் வாங்க வேண்டும்" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அதுவும் தவறு. அந்தத் தவறுக்குக் கொடுக்கும் விலை பெரிது என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணினித் தயாரிப்பாளர்கள் தொழிற்சாலையிலேயே நிறுவி அனுப்பும் விண்டோஸ், ஓஇஎம் உரிமம் எனப்படும். அது அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. வேறு கணினிக்கு மாற்ற முடியாது. ஆனால் அந்தக் கணினியை விற்கும்போது அதனோடு சேர்ந்து புது உரிமையாளருக்குப் போய்ச்சேரும். கடையில் பெட்டியாகவோ இணையத்தில் சாவியாகவோ தனியாக வாங்கும் ரீடெயில் உரிமம், ஒரு நேரத்தில் ஒரு கணினியில்தான் இருக்கலாம் என்றாலும், பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதற்கு மாற்றிக்கொள்ளக்கூடியது. மூன்றாவது, நிறுவனங்களுக்கான வால்யூம் உரிமம். இதில் பலரும் அறியாத ஒரு விதி உண்டு: கணினிகளுக்கான விண்டோஸ் வால்யூம் உரிமம் மேம்படுத்தலுக்கு மட்டுமே உரியது. அடியில் ஏற்கெனவே தகுதியுள்ள ஒரு விண்டோஸ் உரிமம், வழக்கமாக புரோ பதிப்பு, இருந்தாக வேண்டும். எந்த இயங்குதளமும் இல்லாத வெற்றுக் கணினியில் வால்யூம் உரிமத்தை மட்டும் போட்டு ஓட்ட விதி இடம் தருவதில்லை.

இந்த விதிதான் மையத்துக்குச் சாதகமாக அமைந்தது. முன்னாள் நிறுவனம் என்டர்பிரைஸ் பதிப்பைப் போட்டிருந்ததென்றால், அடியில் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் ஓஇஎம் உரிமம் இருந்திருக்க வேண்டும். அது கணினியோடு மையத்துக்கு வந்துவிட்டது. யாரும் அதைத் தேடிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

தேடிப் பார்த்தோம். 12 கணினிகளின் பெட்டியில் விண்டோஸ் 10 புரோ என்ற சிறிய லேபிள் இருந்தது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பெரிய தயாரிப்பாளர்களின் கணினிகளில் சாவியை லேபிளில் அச்சிடுவதில்லை. மதர்போர்டில் உள்ள, கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயோஸுக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். 12இல் 11 கணினிகளின் பயோஸில் புரோ பதிப்பின் சாவி இருந்தது. பன்னிரண்டாவது கணினியில் லேபிள் இருந்தும் சாவி இல்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே இருந்தது தயாரிப்பாளரின் மதர்போர்டு அன்று. கடையில் தனியாக வாங்கிப் பொருத்திய வேறொரு போர்டு. ஓஇஎம் உரிமத்தைப் பொறுத்தவரை மதர்போர்டே கணினி. பழுதானதற்கு மாற்றாகப் பொருத்தினால் உரிமம் தொடரும். மேம்படுத்துவதற்காக மாற்றினால் அது புதுக் கணினியாகக் கருதப்பட்டு உரிமம் அற்றுப்போகும். இந்த போர்டு எதற்காக மாற்றப்பட்டது என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லாததால், அதை உரிமம் இல்லாத கணினியாகவே கணக்கில் எடுத்தோம்.

மற்ற ஐந்து கணினிகளும் பழையவை. பக்கவாட்டில் ஒட்டியிருந்த, எழுத்துகள் பாதி தேய்ந்துபோன ஸ்டிக்கரில் விண்டோஸ் 7 புரொஃபஷனல் என்றிருந்தது. அந்த ஸ்டிக்கர் தருவது விண்டோஸ் 7ஐப் பயன்படுத்தும் உரிமத்தை மட்டுமே. விண்டோஸ் 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு விண்டோஸ் 10ஐ இலவசமாகக் கொடுத்த சலுகை 2016 ஜூலை 29 அன்றே முறைப்படி முடிந்துவிட்டது. அதன் பிறகும் பழைய சாவிகள் பல ஆண்டுகள் ஆக்டிவேட் ஆகிக்கொண்டிருந்தன என்பது உண்மை. 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த வழியையும் அடைத்துவிட்டது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளோ 2020 ஜனவரி 14இலேயே நின்றுவிட்டன. ஆகவே அந்த ஐந்துக்கும் உரிமம் இருந்தும், அந்த உரிமத்தால் இன்று பயன் இல்லை.

உள்ளூரில் அசெம்பிள் செய்த மூன்று கணினிகள் 'ஆக்டிவேட் ஆகியிருக்கிறது' என்றே காட்டின. ஆனால் அவற்றுக்கு எந்த உரிமமும் இல்லை. இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு வாங்கிய ஒரே சாவி மூன்றிலும் போடப்பட்டிருந்தது. எஸ்எல்எம்ஜிஆர் அதை 'வால்யூம் மேக்' (MAK) வகை என்று காட்டியது. மேக் என்பது ஒரு நிறுவனத்துக்கு இத்தனை ஆக்டிவேஷன் என்று எண்ணிக்கை வரையறுத்துக் கொடுக்கப்படும் சாவி. அந்த எண்ணிக்கையில் மீந்திருப்பதை யாரோ வெளியே விற்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் அந்தச் சாவியைத் தடைசெய்யும் நாள்வரை அது வேலை செய்யும். பணம் கொடுத்தது உண்மையாயினும் கிடைத்தது உரிமமன்று.

மடிக்கணினியில் இருந்தது வாங்கும்போதே வந்த விண்டோஸ் 11 ஹோம். தொழில் செய்யும் இடத்தில் ஹோம் பதிப்பு கூடாது என்று உரிமையாளரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். அப்படி ஒரு தடை அதன் உரிம ஒப்பந்தத்தில் இல்லை. அந்தக் கணினியைத் தொடவேயில்லை.

ஒன்றில் நிறுவி மற்றவற்றுக்குப் படியெடுக்கலாமா

11 கணினிகளிலும் என்டர்பிரைஸை நீக்கிவிட்டு, அவற்றுக்கு உரிய புரோ பதிப்பை நிறுவ வேண்டும். ஒரு கணினியில் விண்டோஸ், ஆஃபீஸ், தமிழ் விசைப்பலகை என எல்லாவற்றையும் தயார் செய்து, குளோன்ஸில்லா போன்ற நிரலால் அந்த ஹார்டு டிஸ்கை மற்றவற்றுக்குப் படியெடுத்துவிட்டால் ஒரு பகலில் வேலை முடிந்துவிடும் என்று உதவியாளர் சொன்னார். தொழில்நுட்பப்படி முடியும். 11க்கும் உரிமம் இருக்கும்போது அதில் என்ன தவறு என்றும் கேட்டார்.

தவறு எங்கே வருகிறது என்றால், உரிமத்தின் எண்ணிக்கையோடு நிறுவும் முறையையும் ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. ஓஇஎம் விண்டோஸை வாங்கியவர், தயார் செய்த ஒரே படிமத்தை, அதாவது டிஸ்கின் முழு நகலை, பல கணினிகளில் இறக்க அந்த உரிமம் மட்டும் போதாது. ரீ-இமேஜிங் உரிமை எனப்படும் அது வால்யூம் உரிம வாடிக்கையாளர்களுக்கே உண்டு. அதற்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன: வால்யூம் வழியில் கிடைத்த நிறுவல் கோப்பைக் கொண்டே படிமம் தயாரிக்க வேண்டும், இறக்கப்படும் கணினியில் ஏற்கெனவே உள்ள உரிமமும் படிமத்தில் உள்ள விண்டோஸும் ஒரே பதிப்பாகவும் ஒரே தலைமுறையாகவும் இருக்க வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் வால்யூம் உரிமம் வாங்க வேண்டிய தேவையில்லை. ஒன்று வாங்கியிருந்தாலே இந்த உரிமை கிடைத்துவிடும். ஐம்பது, நூறு கணினிகள் உள்ள கல்லூரிக்கு இது மிகப் பயனுள்ள விதி. 11 கணினிகளுக்காக அதற்குள் நுழைவது வீண் செலவு என்பது என் கருத்து.

ஆகவே மைக்ரோசாஃப்டின் தளத்திலிருந்து நிறுவல் கோப்பைப் பதிவிறக்கி ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக நிறுவினோம். ஒரே பென் டிரைவைப் பல கணினிகளில் பயன்படுத்துவது தவறாகாது. நிறுவல் நிரல் பயோஸில் உள்ள சாவியைத் தானே படித்து, சாவி கேட்காமலே புரோ பதிப்பை நிறுவியது. இணையம் இணைந்ததும் 11இலும் ஆக்டிவேஷன் ஆயிற்று. காலாவதி எழுத்து காட்டி நின்ற கணினிகள் அவை. உரிமம் முதல்நாளிலிருந்தே அவற்றுக்குள் இருந்தது.

படியெடுத்தலை வேறொரு காரணத்துக்காகவும் எச்சரிக்கையோடு அணுக வேண்டும். ரீ-இமேஜிங் உரிமை உள்ளவர்களும் படிமத்தை எடுப்பதற்கு முன் சிஸ்பிரெப் கருவியை ஓட்டி, கணினிக்கு உரிய தனி அடையாளங்களை நீக்கிவிட வேண்டும். அதைச் செய்யாமல் படியெடுத்தால், கேஎம்எஸ் சர்வர் எல்லாக் கணினிகளையும் ஒரே கணினியாக எண்ணிக்கொண்டு, 25 என்ற எண்ணிக்கை ஏறாமலே நின்றுவிடும்.

சட்டம் சொல்வது

பணம் கொடுத்து வாங்கிய சிடியையோ சாவியையோ என் விருப்பப்படி எத்தனை கணினியில் போட்டால் என்ன என்ற வாதம் நம் ஊர்களில் இன்னும் வலுவாக இருக்கிறது. டாடா கன்சல்டன்ஸி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில், ஊடகத்தில் பதிந்து விற்கப்படும் ஆயத்த மென்பொருள் விற்பனை வரிக்கு உட்பட்ட 'சரக்கு' என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்ததை இதற்கு ஆதாரமாகச் சொல்பவர்களும் உண்டு. அந்தத் தீர்ப்பு பேசியது வரியைப் பற்றி. சரக்கை வாங்கியவருக்கு அதைப் பெருக்கும் உரிமையும் கிடைக்கிறது என்று அது சொல்லவில்லை. 2021 மார்ச்சில் வந்த இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கின் தீர்ப்பும் வரி தொடர்பானதே. ஆனால் இறுதிப் பயனர் ஒப்பந்தத்தின் மூலம் வாங்குபவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம் மட்டுமே, பதிப்புரிமையில் எந்தப் பங்கும் அன்று என்பதை அது தெளிவாக்கியது.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. முறையாக வாங்கியவர், வாங்கிய நோக்கத்துக்காகப் பயன்படுத்தவும், அழிந்துபோனால் மீட்பதற்காகக் காப்புப் படி எடுத்து வைக்கவும் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்தக் காப்புப் படியை இரண்டாவது கணினியில் நிறுவி ஓட்ட அந்த அனுமதி நீளாது. 63பி பிரிவு நேரடியாக நம் பொருளைத் தொடுகிறது: உரிமமற்ற படி என்று அறிந்தும் ஒரு கணினி நிரலைக் கணினியில் பயன்படுத்துகிறவருக்கு ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறையும், 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆதாயத்துக்காகவோ தொழிலின் பகுதியாகவோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். கட்டணம் வாங்கிப் பயிற்சி தரும் மையம் இந்தச் சலுகையைக் கோர முடியாது. 64ஆம் பிரிவின்படி உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி, உரிமமற்ற படிகளை வாரண்ட் இல்லாமலே கைப்பற்றவும் முடியும்.

'அறிந்து' என்ற நிபந்தனை இந்த நிகழ்வில் கவனத்துக்குரியது. வியாபாரியின் சொல்லை நம்பி என்டர்பிரைஸைப் பயன்படுத்திய நான்கு மாதத்தில் மையத்துக்கு அந்த அறிவு இருந்தது என்று சொல்வது கடினம். ஆக்டிவேட்டரை ஓட்டிய நாளிலிருந்து அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. ஆகவே அந்த மூன்று கணினிகளையும் முழுவதுமாக அழித்து முதலிலிருந்து நிறுவ வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மணிக்கணக்கில் கொடுக்கப்பட்ட கணினிகள்

ஆய்வின் நடுவில் எதிர்பாராத ஒன்று தெரியவந்தது. வாசலை ஒட்டிய நான்கு கணினிகளை மாலை வேளைகளில், வெளியாட்கள் விண்ணப்பம் நிரப்பவும் அச்செடுக்கவும் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு கொடுத்துவந்தார்கள். விண்டோஸின் வழக்கமான உரிமம், அது ஓஇஎம் ஆனாலும் ரீடெயில் ஆனாலும், மென்பொருளை வாடகைக்கு விடுவதைத் தடைசெய்கிறது. பிரவுசிங் சென்டர்கள், விடுதிகளின் பொதுக் கணினிகள் போன்றவற்றுக்காக வாடகை உரிமை என்ற தனி உரிமத்தை மைக்ரோசாஃப்ட் 2010இல் அறிமுகப்படுத்தியது. தாலுகாதோறும் பிரவுசிங் சென்டர்கள் நிறைந்திருந்த காலத்திலும் இதைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. அந்த நான்கும் பழைய ஐந்து கணினிகளைச் சேர்ந்தவையாக இருந்ததால், அவற்றுக்கு எடுக்கப்பட்ட முடிவே இந்தச் சிக்கலையும் தீர்த்துவிட்டது.

எடுக்கப்பட்ட முடிவு

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால், உரிமம் இருக்கிறதா என்ற கேள்வியோடு, உரிமம் உள்ள பதிப்புக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வருமா என்ற கேள்வியையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டியிருந்தது. 11 கணினிகளில் ஏழு, இன்டெலின் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆன பிராசசரும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வசதியும் உடையவை. அவை விண்டோஸ் 11 புரோவுக்குச் செலவின்றி மாறின. மற்ற நான்கும் ஆறாம், ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தவை. விண்டோஸ் 11 அவற்றை ஏற்காது. நிறுவனங்களுக்கான நீட்டிக்கப்பட்ட புதுப்பிப்பு முதலாண்டில் கணினி ஒன்றுக்கு 61 டாலர். அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பாகும். மூன்றாண்டுக்கு மேல் கிடையாது. தனிநபர்களுக்குத் தரப்படும் மலிவான திட்டம் தொழில் பயன்பாட்டுக்கு உரியதன்று. அந்தக் கணினிகளின் மதிப்போடு ஒப்பிட்டால் இது தகாத செலவு.

அந்த நான்கு, பழைய ஐந்து, போர்டு மாறிய ஒன்று, அசெம்பிள் செய்ததில் இரண்டு என 12 கணினிகளில் விண்டோஸுக்கு மாற்றான கட்டற்ற இயங்குதளமாகிய உபுண்டுவையும், நினைவகம் குறைந்தவற்றில் அதன் இலகுவான வடிவமான சுபுண்டுவையும் நிறுவினோம். இங்கே கணக்குப் பார்க்க வேண்டியதே இல்லை. குனு பொது உரிமம் முதலான கட்டற்ற உரிமங்கள் எத்தனை கணினியிலும் நிறுவவும், படியெடுக்கவும், வாடகைக்கு விடும் கணினியில் பயன்படுத்தவும் இடம் தருகின்றன. உதவியாளர் முதலில் விரும்பியபடியே, ஒரு கணினியில் தயார் செய்து குளோன்ஸில்லாவால் மற்றவற்றுக்கு இறக்கினோம்.

உரிமையாளர் தயங்கியதற்குக் காரணம் மாணவர்கள். விண்டோஸ் தெரியாமல் வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள் என்றார். ஆனால் அந்த மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் ஏற்கெனவே உபுண்டுவில்தான் படித்துவருகிறார்கள். 2001இல் ஐடி@ஸ்கூல் என்ற பெயரில் தொடங்கி 2017 முதல் கைட் என்ற அரசு நிறுவனமாக இயங்கும் அமைப்பு, கேரளப் பள்ளிகளுக்கு உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தையே கொடுக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் மலையாள இன்ஸ்கிரிப்டும் உபுண்டுவில் தனி மென்பொருள் வாங்காமலே கிடைப்பதால், இரு மொழியிலும் தட்டச்சு பழகும் பிள்ளைகளுக்கு அது வசதியாகவே அமைந்தது. டேலி விண்டோஸில் மட்டுமே இயங்குவதால், டேலி வகுப்புகள் ஏழு விண்டோஸ் 11 கணினிகளுக்கு நேரம் பிரித்து மாற்றப்பட்டன. அசெம்பிள் செய்ததில் புதியதாக இருந்த மூன்றாவது கணினிக்கு, மையத்தின் சொந்தக் கணக்குகளுக்காக, ஒரு ரீடெயில் விண்டோஸ் 11 புரோ வாங்கப்பட்டது. கணினி பழுதானாலும் அந்த உரிமத்தை அடுத்த கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதே அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

இந்தக் கணக்குக் கணினியில்தான் எல்லோருக்கும் பொதுவான கோப்புறையும் பிரிண்டரும் பகிரப்பட்டிருக்கின்றன. கோப்பு, அச்சு ஆகிய சேவைகளுக்காக ஒரு விண்டோஸ் கணினியை அதிகபட்சம் 20 மற்றச் சாதனங்கள் அணுகலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. மையத்தில் மற்றவை சரியாக 20. இன்னொரு கணினி சேரும் நாளில் பொதுக் கோப்புறையை உபுண்டு கணினி ஒன்றின் சாம்பா என்னும் கோப்புப் பகிர்வுச் சேவைக்கு மாற்ற வேண்டும் என்று குறிப்பு எழுதிவைத்தோம்.

பதிவேடு

வியாபாரி கொடுத்திருந்த பில்லில் 'பயன்படுத்திய டெஸ்க்டாப் 17' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. சீரியல் எண்களோ, எந்த விண்டோஸ் உரிமத்தோடு விற்கப்படுகிறது என்பதோ இல்லை. அவரும் ஏலத்தில் மொத்தமாக எடுத்தவர்தான் என்பதால் அவர்மேல் முழுப் பழியையும் போடுவது நியாயமாகாது. கேட்டதும் சீரியல் எண்களோடு புதிய பில் தந்துவிட்டார். செகண்ட் ஹேண்ட் கணினி வாங்குகிறவர்கள் விலை பேசும்போதே இதைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். திரையைக் காட்டச் சொல்வதைவிட, பயோஸில் சாவி இருக்கிறதா, எந்தப் பதிப்புக்கு உரியது என்பதைக் காட்டச் சொல்வது பயனுள்ளது.

மையத்தில் இப்போது ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் இருக்கிறது. கணினிக்கு ஒரு பக்கம்: சீரியல் எண், லேபிளின் நிழற்படம், எஸ்எல்எம்ஜிஆர் காட்டிய பதிப்பும் வழியும் சாவியின் கடைசி ஐந்து எழுத்துகளும், பில் எண், அசல் பில் இருக்கும் இடம். நிழற்படத்தைச் சேர்க்கச் சொன்னதற்குக் காரணம், ஸ்டிக்கர்கள் இன்னும் ஓரிரு ஆண்டில் முழுவதும் தேய்ந்துவிடும் என்பதே. உபுண்டு 24.04 நிறுவப்பட்ட கணினிகளின் பக்கத்தில் அதன் இலவசப் பொது ஆதரவு 2029 வரை என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது.

போர்டு மாறிய கணினியின் பக்கத்தில் உரிமம் என்ற இடம் காலியாக விடப்பட்டுள்ளது. தயாரிப்பாளரின் சர்வீஸ் மையத்தில் அந்தச் சீரியல் எண்ணைக் கொடுத்து, போர்டு பழுதுக்காக மாற்றப்பட்டதா என்று விசாரித்திருக்கிறார்கள். மாற்றப்பட்டதற்கான பதிவு கிடைத்தால் அதற்கும் புரோ உரிமம் தொடர்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அது உபுண்டுவிலேயே இருக்கும்.